பதினேழாம் பெட்டி

கதவைச் சாத்துவதுதான் என் வேலை.
எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது.
தள்ளுவண்டியை மடிக்கச் சொல்ல வேண்டும்.
பஞ்சுமிட்டாய்ப் பிசுக்கோடு வரும் கைகளைப்
பார்த்தும் பாராததுபோல் விட வேண்டும்.
பிறகு தாழ்ப்பாள்.
மூன்று சுற்று. இறக்கு. அடுத்தவர்.

என் சட்டையில் லுத்மிலா என்று எழுதியிருக்கும்.
யாரும் படிப்பதில்லை,
எல்லோருக்கும் கண் ராட்டினத்தின் உச்சியில்.

இங்கே வந்து ஏரியைப் பார்த்து
கடல், கடல் என்று கத்தாத குழந்தை
நாளுக்கு ஒன்றிரண்டு தேறும்.
நக்கிப் பார், உப்பிருக்காது என்பேன்.
ஒருமுறை ஒரு பையன்
நிஜமாகவே கம்பிக்கடியில் குனிந்துவிட்டான்.
அவன் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்டோபர் ஞாயிறு.
சிகாகோவின் காற்று
தொப்பிகளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் நாள்.
வரிசையில் நான்கு பேர்.
பில்சனிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மாறி வந்தோம்
என்றாள் மரிசெலா.
டிக்கெட் விலையையும் சொன்னாள்,
என்னவோ நானே வைத்த விலை மாதிரி.
மகள் நயேலி. அவள் இடுப்புயரம் செல்சோ,
கையில் காற்றுப் போய்க்கொண்டிருந்த பலூன் முதலை.

கணவன் வாயே திறக்கவில்லை.
ஒரு காலைப் பெட்டிக்குள் வைத்தான்,
மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.
'கயிறு எங்கே?'

எந்தக் கயிறு?

'இடுப்புக் கயிறு.'

நயேலி விழுந்து விழுந்து சிரித்தாள்.
அப்பா ஜன்னல் துடைப்பவர் என்றாள்.
அதோ அந்தக் கறுப்புக் கட்டடம் எங்களுடையது,
பக்கத்தில் பச்சைக் கண்ணாடி,
அதுவும் எங்களுடையது.

எங்களுடையது என்றேதான் சொன்னாள்.

நாற்பதாம் மாடிக்கு வெளியே
ஒரு பலகையில் உட்கார்ந்து
மதியச் சாப்பாட்டைப் பிரிப்பவன்
தாழ்ப்பாள் விழுந்ததும்
கைகளை முழங்காலில் வைத்தான்,
இருக்கையில் வைத்தான்,
திரும்பவும் முழங்காலில்.
அப்படியே மேலே போனார்கள்.

இதற்கு மேல் நான் பார்த்ததில்லை.
இறங்கியதும் செல்சோ மூச்சுவிடாமல் கொட்டியது.

உச்சியில் நின்றுவிட்டதாம்.
(நான்தான் நிறுத்தினேன்,
கீழே ஒருவரின் சக்கர நாற்காலியை ஏற்ற.)
பெட்டி ஆடியதாம்.
அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு
பையைத் துழாவினாராம்.
துணி. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் ஒரு துணி.
கண்ணாடியில் ஹா என்று ஊதினார்.
இடமிருந்து வலம்,
பிறகு ஓரம்,
பிறகு யாரோ ஒரு குழந்தை
ஐஸ்கிரீமோடு வைத்துவிட்டுப் போன மூக்கு.
துடைக்கத் துடைக்க
ஒரு தெரு வந்தது, ஒரு பாலம் வந்தது,
மணிக்கூண்டு வந்தது.
எப்போது கண்ணைத் திறந்தார் என்று
அவருக்கே தெரியாதாம்.

'செவ்வாய்க்கிழமை அந்த மூலையில் தொங்கினேன்.
முப்பத்தொன்றாம் மாடியில் ஒரு பெண்,
என்னைப் பார்த்தால்
காப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டுவாள்.'

அம்மா கேட்டாளாம்:
'எந்தப் பெண்?'

இறங்கியபோதும் எவரிஸ்தோவின் முகம்
வெளுத்துத்தான் இருந்தது.
துணியை நான்காக மடித்துக்கொண்டே
ராட்டினத்தை நான் செய்துவிட்டதுபோல் சொன்னான்:
'வெளிப்பக்கம் ஒரே அழுக்கு.
அதற்குக் கை எட்டவில்லை.'

பாப்கார்ன் தீயும் வாசனைப் பக்கம் போனார்கள்.
மரிசெலா இன்னும் அந்தப் பெண்ணை விடவில்லை.

பதினேழு என் முன்னால் காலியாக நின்றது,
கண்ணாடியே இல்லாததுபோல் ஒரு கண்ணாடி.
அடுத்தவர்களை ஏற்றினேன்.
நான் கதவைச் சாத்துமுன்பே
கைக்குழந்தை ஒன்று
ஐந்து விரலையும் பதித்து முத்திரை குத்தியது.

கடை மூடும் நேரம்,
வேறு யாரும் இல்லாதபோது,
என் கைக்குட்டையால் வெளிப்பக்கத்தில்
ஒரு முகத்தின் அளவுக்கு மட்டும் துடைத்தேன்.
பழக்கமில்லை, கோடு கோடாக வந்தது.
நாளைக்கு மழை என்கிறார்கள்.
மழை என்றால் அவனுக்கு வேலையில்லை,
கூலியும் இல்லை.