சேதாரம்

ஐந்து ரோட்டில் எங்கள் லேபுக்கு
இரவில் ஒளிரும் பெயர்ப்பலகை உண்டு.
விலைப்பலகை கிடையாது.
விலை என் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது,
மூன்று விதமாக.

டாக்டர் அனுப்பினால் ஒன்று.
முகாமுக்கு வந்தால் ஒன்று.
தானாக வந்தால் 'செல்ஃப்' என்று அடிக்க வேண்டும்,
அதற்கு இன்னொன்று.
குழாய் என்னவோ ஒன்றுதான், மஞ்சள் மூடி.
குத்தினால் வலிப்பதும் ஒரே மாதிரிதான்.

கோகிலவாணி, முப்பத்தொன்பது, சிவதாபுரம்.
சீட்டை விரல்களால் அல்ல,
இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே
அழுத்திப் பிடித்து நீட்டினாள்.
கொலுசுக்குக் கண்ணி கோத்துப் பற்றவைக்கிற வேலை.
காலையில் விரல் மடங்குவதில்லையாம்.
பத்து மணிக்கு மேல்தான்
ஒவ்வொன்றாக வேலைக்கு வருகிறதாம்.

"இந்த ஏ.என்.ஏ.ன்னா என்னங்க?"
உடம்பு தன்னையே எதிரியென்று நினைத்து
ஆள் சேர்க்கிறதா என்று பார்ப்பது, என்றேன்.
டெக்னீஷியன் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.
"எங்க பங்காளிங்க மாதிரி" என்றாள்.

எவ்வளவு?
ஆயிரத்து நானூறு.

அதிர்ச்சியெல்லாம் இல்லை. கணக்குப் போட்டாள்.
நாலு நாள் கூலி.
விரல் மடங்குகிற நாளாக நாலு நாள்.
பிறகு, நகைக்கடையில் கேட்கிற அதே குரலில்,
"இதுல செய்கூலி எவ்வளவு,
சேதாரம் எவ்வளவு?"

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
எனக்குப் பதில் தெரியும்.

ரத்தம் ராத்திரி பஸ்ஸில்
ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போகிறது.
அங்கே வாங்குவது நானூற்று எண்பது.
ஊசி, குழாய், பஞ்சு, பெட்டிக்கூலி, ஒரு அறுபது.
வாடகை, ஏசி, வரவேற்பில் மீன்தொட்டி,
என் சம்பளத்தில் ஒரு துணுக்கு.
மிச்சம், மாதம் ஐந்தாம் தேதி
பழுப்பு உறைகளில் போகிறது.
மேலே இனிஷியல் மட்டும்.
கோந்து தடவி ஒட்டுவது நான்தான்.

"சீட்டு தொலைஞ்சு போச்சுங்களா?" என்றேன்.
"இல்லையே, இதோ கையிலயே…"
"தொலைஞ்சு போச்சு."

கால் குன்றிமணி எடை குறைந்தாலும்
கண்டுபிடிக்கிற ஊர்க்காரி.
ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.
சீட்டை மடித்துப் பர்சுக்குள் தொலைத்தாள்.
செல்ஃப் என்று அடித்தேன்.
தொள்ளாயிரம்.

நாலாம் நாள் ரிசல்ட்:
ஒன்றுக்கு எண்பது. பலவீனமான பாசிட்டிவ்.
இருக்கிறது என்றும் சொல்ல முடியாது,
இல்லை என்றும் விட முடியாது.
நல்லா இருக்கிறவர்களுக்கும் வருமாம்.
தொள்ளாயிரத்துக்குக் கிடைத்தது ஒரு 'இருக்கலாம்'.

டாக்டர் முதலில் பார்த்தது
எண்ணை இல்லையாம், மேல்மூலையை.
அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தை.
அடுத்த டெஸ்டை எழுதிவிட்டு,
"இதை மட்டும் நான் சொல்ற இடத்துல எடும்மா."
அது இதைவிடக் கூடுதல்.
கோகிலவாணி இதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்,
குறை சொல்ல அல்ல.

போகும்போது வாசலில் நின்றாள்.
"எங்க பட்டறையில
சாயங்காலம் தரையைக் கூட்டி
அந்தத் தூசியை உருக்குவோம்ங்க.
சிந்துன வெள்ளி பாதியாவது திரும்பி வரும்.
உங்க சேதாரம் எங்க போயி விழுதுன்னு
சொன்னா, கூட்டிக்கலாம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
ஏற்காட்டு மலைமேல் விளக்கு போட்டுவிட்டார்கள்.

இந்த மாதம் செல்ஃப் அதிகமாக இருக்கிறதென்று
மேனேஜர் தன் நாற்காலியை
என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.
அடுத்த டோக்கன். வயசான ஒரு லாரி டிரைவர்.
சீட்டு, பத்திரமாகக் கையில்.

டாக்டர் பெயரை
எழுத்துப் பிழையில்லாமல் அடிக்கிறேன்.