விரும்பினால்

பில்லின் அடியில் புதிதாய் ஒரு வரி:
நூற்றுக்கு ஒரு ரூபா. பஜார் நிதி. விரும்பினால்.

அந்தக் கடைசிச் சொல்லை
மெஷின் அச்சடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது.
வாய் திறந்து கேட்பது நான்.
"போடவா?"
நாளைக்கு நூற்றெண்பது தடவை.

மஸ்கெலியாவுக்குக் கீழே
பதினேழு கடை, ஒரு பஸ் ஹோல்ட், ஓயாத மழை.
சங்கக் கூட்டத்தில் கை தூக்கினார்கள்.
ஒன்பது, எட்டு.
எட்டில் ஒரு கை என் முதலாளியுடையது.
தோற்ற கோபத்தில்
முதல் ஆளாய்ப் பில்லை மாற்றியதும் அவர்தான்.

அரைப்பேர் விழுந்த நாளில் அங்கம்மா
மா, பருப்பு, சீனி எல்லாம் வைத்து
சல்லியை எண்ணிப் பார்த்து
டின்மீனைத் திருப்பித் தந்தாள்.
நான் கேட்கவில்லை.
"ஏன், எங்கிட்ட மட்டும் கேக்க மாட்டியா?"
பதினொரு ரூபா. போட்டேன்.

பெரிய கிளாக்கர் கண்ணாடியை இறக்கி
இது எந்தச் சட்டம் என்றார்.
சட்டமில்லை ஐயா, விருப்பம்.
"அப்ப, விருப்பமில்ல."
சரிதான்.
அந்தச் சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது.

மருதை குடித்துவிட்டு வந்தால்
நூறு போடு, ஊருக்குத்தானே என்பான்.
விடிந்ததும் வந்து தலையைச் சொறிவான்.
ரெண்டு தரம் என் கையிலிருந்து கொடுத்தேன்.
மூன்றாம் தரம் அவனே வரவில்லை.

ஏழு மாதத்தில் பணம் திரண்டது.
சண்டையும் திரண்டது.
ஊர்ப் பெயர் பொறித்து ரோட்டுக்குக் குறுக்கே
வளைவு கட்டுவோம் என்றார் தலைவர்.
மருந்துக்கடை பளீலா எழுந்தாள்:
"கொழுந்து நிறுத்திப்போட்டு
பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நிக்கிறவ
உங்க வளைவுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குறது?"
யாரும் செருமக்கூட இல்லை.

இப்போது ஹோல்டுக்குப் பின்னால்
ரெண்டு அறை, ஒரு குழாய்,
உள்ளே பூட்டுகிற கதவு.
பெண்கள் பக்கத்துச் சாவி
என் மேசைக்குப் பின் ஆணியில்.
யார் போட்டது, யார் போடாதது
சாவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
பெரிய கிளாக்கரின் சம்சாரம்
குடையை மடக்காமலே கை நீட்டினார்.
கொடுத்தேன்.

இன்னொன்று.
என் வீட்டுச் சாமானுக்கு நானே பில் அடிப்பேன்.
ஏழு மாதமும்
என்னை நான் கேட்டதில்லை.
ஒரு நாளைக்கு ரெண்டு தரம்
அதே சாவியோடு போய் வருகிறேன்.

நேற்று அதற்குள் பல்பு போய்விட்டது.
நிதிக் காசில் புதிது வாங்க
பொருளாளர் சோமதாச வந்தார்.
முந்நூற்றிருபது.
அடித்துவிட்டு நிமிர்ந்தேன்.
"போடவா?"
சிரிப்பார் என்று பார்த்தால்
மனிதர்
யோசித்துக்கொண்டு நிற்கிறார்.