அண்ணன்_இறுதி_7

இரவு பதினொன்றரைக்குப் பூவராகன் போன்.
"அக்கா, அண்ணன் அந்தப் பக்கம் போயாச்சு.
துண்டை மட்டும் மாத்திடுங்க.
விடியறதுக்குள்ள நாப்பது போர்டு."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
முத்தியால்பேட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு
நிறத்தைச் சொன்னால் போதும்.

கோப்பைத் திறந்தேன்.
அண்ணனுக்குப் பின்னால் வரிசையாகத் தலைவர்கள்.
ஆளுக்கொரு லேயர்,
ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாய் ஒரு கண்.
கண்ணை மூடினால் தலைவர் மறைவார்.
நான் யாரையும் அழிப்பதில்லை.
ஒன்பது வருஷத் தொழிலில் கற்றது அது ஒன்றுதான்:
மூடி வை, திரும்பி வருவார்கள்.

இந்த ஊர்ச் சட்டசபை இரண்டு கல்யாண வேனில் அடங்கிவிடும்.
நாலு பேர் இறங்கிக்கொண்டால் வண்டி கவிழும்.
இறங்கினவர்கள் ஈசிஆரில் ஏதோ ஒரு ரிசார்ட்டில்
செல்போன் இல்லாமல் ஒரு வாரம் இறால் தின்பார்கள்.
போன தடவை அண்ணன் ஜெயித்தது முப்பத்தொன்பது ஓட்டில்.
அந்த முப்பத்தொன்பது வீடும் எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
அதனால்தான் ஒரு காதுகுத்து விடாமல்
வந்து மொய் எழுதுகிறார்.

மத்தியானம் ஜோஸ்லின் வந்திருந்தாள், குவாதலூப்பிலிருந்து.
ஆவணக் காப்பகத்தில் எடுத்த ஒரு பக்கத்தைப்
பெரிதாக்கித் தரச் சொன்னாள்.
கப்பல் ஏறியவர்களின் பட்டியல்.
முனியன் என்று இங்கே ஏறியவர்
முனிகான் என்று அங்கே இறங்கியிருக்கிறார்.
என் அப்பா சொல்தா. அந்த வகையில் எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு,
பழைய ரேஷன் கார்டு மாதிரி, ஓரமெல்லாம் கிழிந்தது.

சுவரில் காய்கிற அண்ணன்களைப் பார்த்துச் சிரித்தாள்.
"எங்கள் தீவிலும் இதே பல்வரிசைதான்."
அவள் மாமா ஒரு கட்சி.
மாமாவின் மச்சான் அதிலிருந்து உடைந்த கட்சி.
மச்சான் மகள், உடைந்ததிலிருந்து உடைந்தது.
ஞாயிற்றுக்கிழமை மூன்று கட்சியும் ஒரே மேஜையில்
ஆட்டுக்கறிக் கொலொம்போ சாப்பிடும்.
தனிநாடு கேட்ட மாமா
இப்போது குழாயில் தண்ணீர் கேட்கிறாராம்.
"பெரிய முடிவெல்லாம் பாரிஸ் எடுக்கும்.
ரிப்பன் வெட்டுவது யார் என்பதில்தான் எங்கள் சண்டை."
இங்கே டில்லி, என்றேன்.
அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.
டீ வந்தது. பன்னை முக்கித் தின்ன
அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது மணி ஒன்று. நிறத்தை நகர்த்துகிறேன்.
ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில்
ஓர் இடத்தில் துண்டு சாம்பலாகிவிடும்,
யாருடையதும் இல்லாத துண்டாக.
கை அங்கே நின்றுவிட்டது.

அப்பா மூச்சுக்குத் திணறிய ராத்திரி
ஆம்புலன்சுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தபின்
அவரை நடுவில் உட்காரவைத்து
பின்னால் நான் பிடித்துக்கொள்ள
ஜிப்மர்வரை ஸ்கூட்டர் ஓட்டினவன் இவன்தான்.
அன்றைக்கு அவன் அண்ணன் இல்லை,
எந்தக் கட்சியிலும் ஒரு வட்டச் செயலாளர்கூட இல்லை.
தோளில் கிடந்தது குளித்துவிட்டுப் போட்ட துண்டு.
அதில் ரின் சோப்பு வாசனை.

மறுபடி பூவராகன். "அக்கா, ஆச்சா?"

நகர்த்தினேன்.

அண்ணன்_இறுதி_7 என்று சேமித்தேன்.
(இறுதி_3-க்குப் பணம் இன்னும் வரவில்லை.)
மிஷின் போய்ப்போய் வந்தது.
முதலில் முடி, பிறகு நெற்றி, மீசை,
கடைசியாகப் புதுத் துண்டு.
மை காய ஒரு மணி நேரமாவது ஆகும்,
அதுவரை மேலே எதையும் வைக்கக்கூடாது.

மேஜையைக் காலி செய்தேன்.
ஜோஸ்லின் காலையில் வந்து வாங்கிப்போகும் காகிதத்தை
ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒருமுறை படித்தேன்.
பெயர்: முனியன்.
வயது இருபத்திரண்டு.
ஊர் திருப்பாதிரிப்புலியூர்.
அடையாளம்: வலது தோளில் ஒரு தழும்பு.