பதினாறு தகரம்

இஸ்தோப்புச் சுவரில் சாத்தி நிற்கின்றன
பதினாறு தகரம், பச்சை நிறம்.
சேமலாப நிதி வந்த கையோடு
மஸ்கெலியாவில் வாங்கியது.
மடுவத்துக்கு மேலே வரமாட்டேன் என்றான் லொறிக்காரன்.
நடைக்கு இரண்டாகத் தூக்கி வந்தோம்
நானும் மகன் கவியரசனும்.
அது பங்குனி.
இது ஆடி.
மழையைத் தடுக்க வந்த தகரம்
மழைக்கு ஒதுங்கி நிற்கிறது.

லயம் கம்பெனியுடையது, தகரம் என்னுடையது,
ஆணி அடிப்பதற்கு உத்தரவு மட்டும்
யாருடையது என்று தெரியவில்லை.
பிரதேச சபை துரையின் கடிதம் கேட்டது.
துரை கொழும்புக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம்.
அலைந்த நாட்களில் பேர் விழவில்லை.
மொத்தம் ஒன்பது பேர்.
அந்தக் காசுக்கு இன்னும் நாலு தகரம் வாங்கியிருப்பேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: உறுதி இலக்கம்.
என்னிடம் செக்ரோல் இலக்கம் இருக்கிறது,
காம்பரா இலக்கம் ஆறு இருக்கிறது,
கிளினிக் அட்டையில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று.
உறுதி இல்லை.
சுவரைத் தட்டிப் பார்த்தேன்,
அதிலும் இல்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் திலகசிறி மாத்தையா
ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்.
கெட்ட மனிதரில்லை, பிளேன்ரீ குடித்தார்.
முகட்டை அளந்தார். பின்புறம் போய்
வெட்டு மண்ணை நிமிர்ந்து பார்த்தார்,
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இது மண்சரிவு அபாயப் பகுதி.
கட்டிட வேலைக்கு அனுமதி கிடைக்காது."
அப்படியென்றால் நாங்கள் இங்கே படுக்கலாமா என்றேன்.
அதற்குப் படிவம் வேறு என்றார்.

அப்போதுதான் பிடித்தது மழை.
அடுப்படிக்கு நகர்ந்தார், அங்கேயும் சொட்டியது.
கட்டிலோரம் நகர்ந்தார், அங்கேயும்.
அவர் குறிப்புப் புத்தகத்தில்
எங்கள் வீட்டின் நீளமும் அகலமும்
நீல மையாய்க் கலந்து ஓடின.
கடைசியில் கவியரசன் ஒரு தகரத்தை எடுத்து
அவர் தலைக்கு மேலே பிடித்தபடி
மோட்டார் சைக்கிள் வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.
நாலு மாதத்தில் அந்தத் தகரம்
ஓர் ஆளை நனையாமல் காத்தது
அன்றைக்குத்தான்.

பொறுக்க முடியாமல் ஒரு போயா நாளில்
ஆபிஸ் பூட்டிக் கிடந்தபோது
ஒன்றே ஒன்றை மட்டும் அடித்தேன், கட்டிலுக்கு நேர் மேலே.
அன்றிரவு காய்ந்த போர்வையில் தூங்கினேன்.
விடியற்காலை, பிரட்டுக்குப் போகும் வழியில்
ஏழாம் காம்பரா பவளக்கொடி
நனைந்த தலையணை ஒன்றை
என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
என் தகரம் தள்ளிய தண்ணீர்
அவள் பிள்ளையின் பாயைத் தேடிப் போயிருக்கிறது.

அந்திக்குக் கழற்றிவிட்டேன்.
ஆணி ஓட்டை இருக்கிறதே,
இப்போது இரண்டு காம்பராவும் ஒழுகுகிறது.

முகடு ஒன்று. காம்பரா பன்னிரண்டு.
இது தெரிய எனக்கு
நாற்பத்தெட்டு வயதும் ஒரு தலையணையும் வேண்டியிருந்தது.

நேற்றுப் பீலியடியில் பேச்சு தொடங்கியது,
ராத்திரி என் வீட்டில் முடிந்தது.
தொங்கல் காம்பரா மரியசூசை மட்டும்
தன் பக்கம் ஒழுகவில்லை என்றார்,
பிறகு அவரும் பேனையை வாங்கினார்.
விண்ணப்பதாரர் பெயர் என்று
படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கோடு.
முதல் மூன்று பெயர் அதற்குள் அடங்கியது.
நாலாவது ஓரத்துக்கு ஏறியது.
பவளக்கொடி குந்தி உட்கார்ந்து
தகரத்தின் மேலே தாளை வைத்து
எழுத்துக் கூட்டி எழுதினாள்.
மிச்சப் பெயர்கள் கீழே இறங்கி,
'அலுவலகப் பாவனைக்கு மட்டும்' என்ற கட்டத்துக்குள்
ஒழுகிக்கொண்டிருந்தன.