ஒரே ஒரு பங்கு

பெர்கன் நகரில் மே மாதமும் மழைதான்.
ஈரக் கோட்டு வாடையும் காபி வாடையும் கலந்த
ஓட்டல் அரங்கில்
மீன்தீவனக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம்.
எனக்கு அங்கே கருத்து கிடையாது.
தணிக்கை நிறுவனம் அனுப்பிய ஆள் நான்,
வாக்குகளை எண்ணுவதற்குக் கூலி.

நாற்காலிக்கு ஒன்றாக அறிக்கை வைத்திருந்தார்கள்:
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், தளிர்ப் பச்சையில் அட்டை,
உள்ளே பளபளக்கும் சால்மன்.
பச்சை அட்டைக்குள் பச்சைப் பொய் எத்தனை என்று எண்ண
எனக்கு யாரும் கூலி தரவில்லை.

பதினான்காவது தீர்மானம்
இங்வில்ட் கொண்டுவந்தது.
படகுத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியின் மேலாளர்.
நாற்பது வருடம் கரைக்குக் கரை
கார்களை ஏற்றி இறக்கியவர்களின்
முதுமைக்கான காசு அவள் கையில்.
"காடழித்த நிலத்துச் சோயாவை இனி வாங்கக் கூடாது."
ஒரு வரி. இணைப்பாக ஒரு பெண்.

ஜுசேலியா, பிரேசிலின் மரான்யோவிலிருந்து.
பங்குதாரர்தான் பேசலாம் என்பது விதி.
அதனால் முந்தின வாரம் அவள் பெயரில்
வாங்கியிருந்தார்கள், ஒரே ஒரு பங்கு.
கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தாள்.
தண்ணீர் கீழே போகப் போக
ஆண்டுக்கொரு துண்டு சேர்த்துப் போட்ட முடிச்சுகள், ஏழு.
அரங்குக்குள் கயிறு கூடாது என்றார் காவலர்.
கோட்டுகளோடு அதையும் மாட்டிவிட்டு
டோக்கன் கொடுத்தார்கள்: 208.

மூன்று நிமிடம்.
கயிறு இல்லாததால் இரு கைகளையும் விரித்து
ஒரு பாகம், இரண்டு பாகம் என்று
மேடையின் குறுக்கே அளந்துகொண்டே நடந்தாள்.
ஒன்பதில் மேடை முடிந்துவிட்டது.
படியிறங்கி முதல் வரிசையின் முழங்கால்களை உரசியபடி
பன்னிரண்டு வரை போனாள்.
மொழிபெயர்ப்பாளர் பத்திலேயே நின்றுவிட்டார்.

தலைவர் ஹால்வார்ட் நன்றி சொன்னார்.
எண்ணினேன்.
ஆதரவு பதினொன்று புள்ளி மூன்று சதவீதம்.
தோற்றது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாமே?"
படிக்கட்டில் கேட்டார்
ஓய்வுபெற்ற படகுச் சமையல்காரர் ஒருவர்.
"வாங்குகிறவன் கை தூக்கமாட்டான்" என்றாள் இங்வில்ட்.
குடை விரியாமல் சண்டித்தனம் செய்தது.

அப்புறம் நடந்ததற்கு
மனசாட்சி என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.
அக்டோபரில் கடனைப் புதுப்பிக்கப் போனார்கள்.
வங்கியில் ஓர் இளைஞன்
அந்தப் பதினொன்று புள்ளி மூன்றை
அபாயம் என்ற கட்டத்தில் நிரப்பினான்.
வட்டி கால் சதவீதம் ஏறியது.
முதலுக்கே மோசம் என்று
பன்னிரண்டு பாகத்தில் சொன்னபோது விளங்காதது
கால் சதவீதத்தில் விளங்கியது.

அடுத்த மே. அதே மழை.
அதே தீர்மானம், இப்போது நிர்வாகமே முன்மொழிந்தது,
தான் பெற்ற பிள்ளையைப் போல.
தொண்ணூற்றாறு சதவீதம். கைதட்டல்.
அந்தச் சோயா
கேள்வி கேட்காத வேறொரு கப்பலில் ஏறி
வேறொரு துறைமுகத்துக்குப் போனது அறிக்கையில் இல்லை.
பக்கங்கள் மட்டும் நூற்று முப்பது.

ஜுசேலியா வரவில்லை.
பங்கை விற்கவும் இல்லை.
ஈவுத்தொகையாக அவளுக்குப் போனது
ஒரு காபிக்கும் காணாது.
இங்வில்டுக்குப் படம் அனுப்பியிருந்தாள்:
கிணற்றுச் சுவரில் கயிறு,
ஏழே முடிச்சு.
"பாருங்கள், எட்டாவது இல்லை" என்று
எண்ணுகிறவனான என்னிடம் போனை நீட்டினாள்.
இரண்டு தரம் எண்ணினேன். ஏழுதான்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி இருந்தது.
மொழிபெயர்ப்பாளர் மெதுவாக வாசித்தார்:
"இந்த வருடம் மழை நல்ல மழை.
இதில் உங்களுக்குப் பங்கு உண்டா, தெரியவில்லை."