குட்டி

கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வாங்கியவை ஆறும்.
வலப் பக்கத்து சைனஸை மட்டும் திறந்தார் டாக்டர் பிரசீதா.
இடப் பக்கம் பிறந்தபடி.

தீவனம் வைப்பவன் நான்.
தையல் பிரித்த மறுநாளே
தவிட்டில் மூக்கைப் புதைத்துச் சண்டை போட்டன.
எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்து
வேகவைத்துச் சதை கழித்த மண்டையோடுகள்
வெள்ளைத் துணிமேல்.
காலிப்பர் இடம் தொட்டது, வலம் தொட்டது.
நாலாம் எண்ணுக்கு
வலத்தில் மூன்றரை மில்லிமீட்டர் குறைவு.
உயிரோடு இருக்கையில்
அது தலையைச் சாய்த்துத்தான் என்னைப் பார்க்கும்.
பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் டீ விற்கும் மாராத்தாள்
மகனின் எக்ஸ்ரேயை வெயிலுக்கு நேரே பிடித்திருந்தாள்.
"ராவெல்லாம் வாயிலதானுங்க மூச்சு.
ஆபரேசனை வெரசா முடிச்சிருங்க."

"குட்டிக்கு எத்ர வயசு?"
டாக்டரின் மொழியில் பிள்ளையும் குட்டிதான்.
எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.
"அஞ்சுங்க."

கையுறை கழற்றிய இரு கட்டைவிரல்கள்
அவன் கன்னத்து எலும்புகளில்
வெகுநேரம் நின்றன.
பிறகு, சீட்டில்
இன்னும் ஒரு மாதத்துக்கு மருந்து மட்டும்.

பையன் என் சட்டைப்பையில் மின்னிய காலிப்பரைக் கேட்டான்.
கொடுக்கவில்லை.