எட்டின் இடப்பக்கம்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிற நேரத்தில்தான்
என் கடைக்கு வியாபாரம்.
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணி அலுத்தவர்கள்
திரும்பிப் பார்த்தால் என் போர்டு:
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் பிரிண்ட்.

எபினேசர் அப்படித்தான் வந்தான்.
கூடவே இரண்டு பேர், ஒரே வண்டியில் வந்தவர்கள்,
சிரிப்பை அடக்கத் தெரியாதவர்கள்.
கார்டை நீட்டி, குரலைத் தாழ்த்தி,
"அண்ணா, அந்த எட்டை மட்டும் இன்னா பண்லாம்னு பாரேன்."

இரண்டாயிரத்து எட்டு.
அரசாங்கக் கடையில் வாங்க இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும்.
புதிதாய் வந்த சேல்ஸ்மேன் கார்டு கேட்கிறானாம்.
மீசையை நம்ப மாட்டேன் என்கிறானாம்.

எட்டை மூன்றாக்குவது ரொம்பச் சுலபம்.
ஒரு நகல் எடுத்து
ஒயிட்னர் பிரஷ்ஷின் நுனியால்
இடப்பக்கம் மட்டும் இரண்டு தொடுதல்.
ஊதிக் காயவைத்து, நகலுக்கு ஒரு நகல் எடுத்தால்
பெற்றவளுக்கே சந்தேகம் வரும்.
ஐந்து வருஷம். ஐம்பது ரூபாய்.

போகும்போது சல்யூட் வைத்தான்.
"இனிமே நானும் உன் செட்டுதாண்ணா."
எனக்கு முப்பத்தாறு. சிரித்தேன்.
அன்று மதியம் அந்தக் காசில்தான் சாப்பிட்டேன்,
பீஃப் பிரியாணி, அரை பிளேட்,
மேலே கொஞ்சம் போட்டு ஒரு டீ.

நடுவில் நடந்ததெல்லாம் எனக்குக் காதுவழிதான்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
பூட்டிப்போன ஒரு கம்பெனியின் சுவரோரம்
பொட்டலம் கொடுப்பவன் கார்டு கேட்பதில்லை.
பள்ளிப் பையைத் தோளில் மாட்டியபடி எவன் வந்தாலும்
"எத்தினி?" என்பான்.
அது வயதைப் பற்றிய கேள்வி அல்ல.

வயது கேட்பதற்கென்று வேறு இடம் இருக்கிறது.
இரவு பதினொன்றுக்கு
பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்கள்.
பதினேழு என்றான் எபினேசர்.
சட்டைப் பையில், பொட்டலத்தோடு,
நாலாய் மடித்திருந்த தாள்
இருபத்திரண்டு என்றது.
அவனுக்கு நாக்குக் குழறியது.
தாளுக்குக் குழறவில்லை.

நேற்று அவன் அம்மா வந்தாள், குளோரி அக்கா.
காசிமேட்டில் எறா உரிக்கிற கை,
ஐஸ் தண்ணீரில் ஊறி
விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி.
கவருக்குள் கவர், அதற்குள் கர்சீப், அதற்குள்
ராயபுரம் ஆஸ்பத்திரியில் அவன் பிறந்ததற்கான சர்டிபிகேட்.
மடித்த இடமெல்லாம் கிழியப் பார்த்தது.
எட்டு மட்டும் முழுசாக இருந்தது.

"பதினெட்டு ஆவலன்னு காமிக்கணுமாம்,
வக்கீலம்மா சொன்னாங்க.
எவனோ பாவி கார்டுல கைய வச்சிக்கிறான் தம்பி.
அவன் கையில புழு வைக்க."

மெஷினின் மூடியை அழுத்திப் பிடித்தேன்.
பச்சை வெளிச்சம்
அந்த வருஷத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து போனது,
அவசரமே இல்லாமல்.

"கலர்ல எடுத்தா நம்புவாங்களா,
கறுப்புலயே போதுமா?"

கலரில் எடுத்தேன். ஐந்து பிரதி.
காசு வேண்டாம் என்றேன்.
அவள் விடவில்லை.
பிளவுஸுக்குள்ளிருந்து எடுத்த ஈர நோட்டை
கல்லாவின் மேல் வைத்து நீவிவிட்டாள்,
காற்றில் பறக்காமல் இருக்க
என் ஸ்டேப்ளரையே எடுத்து அதன்மேல் வைத்தாள்.

வாய்வரை வந்தது.
அப்போதுதான் கேட் திறந்தது.
ஒரே நேரத்தில் அத்தனை வண்டியும் முறுக்கின.
அந்தச் சத்தத்தில் சொல்லியிருந்தாலும்
கேட்டிருக்காது என்று
நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் எங்கே என்று விசாரித்துவிட்டேன்.
பாரிமுனையில் இரண்டாவது மாடி,
மாலை ஆறுக்கு மேல் இருப்பாராம்.
யார் மாற்றினார்கள் என்று யாராவது வந்து சொன்னால்
பையனுக்கு உதவுமாம்.
பழைய நகல் ஒன்றின் பின்பக்கம்
விலாசத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

மணி ஆறரை.
கேட் மூடியிருக்கிறது.
கடையில் நல்ல கூட்டம்.